தடை ஏதும் இல்லை

சதீசன் எழுந்து மோட்டரைப் போட்டான். மேலே தண்ணீர்த் தாங்கி நிறையும்வரை முற்றத்தைக் கூட்டினான். வேப்பஞ் சருகுகளை மதிலோரம் குவித்தான். பல் துலக்கினான். குளித்தான். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு வடித்து, சீனி போடாமல் குடித்தான். சீனிப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சேட்டை இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினான். இடியப்பக்காரியின் சைக்கிள் மணி கேட்டதும் கேற்றைத் திறந்து எல்லோருக்குமாக வாங்கினான். மேசையில் வைத்து மூடினான்.

மனைவி டிலோஜினி காய்ச்சலில் செத்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். ஒன்றன்பின் ஒன்று. இடையில் நிற்காமல் செய்துகொண்டே போனால் கந்தோர் நேரம் வந்துவிடும். கந்தோருக்குப் போனால் மற்றவர்கள் வேலை சொல்வார்கள்.

இன்று லீவு போட்டிருந்தான். இன்று கம்சாயினி கையெழுத்து வைக்கும் நாள்.

கம்சாயினி டிலோஜினியின் தங்கை. அவளுக்கும் பெரியகல்லாற்று நிரோஜனுக்கும் உயர்தரம் படிக்கிற காலத்திலிருந்தே பழக்கம். நிரோஜன் இப்போது சுவிஸில் அகதி அந்தஸ்துப் பெற்றவன். அதற்குத் தரும் பயணப் பத்திரத்தோடு வேறு நாடுகளுக்குப் போகலாம். பிறந்த ஊருக்கு மட்டும் வர முடியாது. வந்தால் அந்தஸ்துப் போய்விடும். அவள் அங்கே போவதென்றால் மனைவியாகப் போகவேண்டும். மனைவியாவதென்றால் இரண்டு பேரும் ஒரே மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்து வைக்கவேண்டும். அந்த மேசையை எந்த நாட்டில் போடுவது என்பதுதான் இந்த வீட்டின் பிரச்சினை. இந்தியாவில் போடலாமென்றால் விசா இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் நின்றுபோனது.

நிரோஜன் கண்டுபிடித்த ஊர் சீசெல்ஸ். இந்து சமுத்திரத்துத் தீவுகள். அந்த ஊரில் குடியிருக்காத இரண்டு பேர் போய் இறங்கி, பத்திரங்களைக் காட்டி, சட்டப்படி கலியாணம் எழுதிக்கொண்டு திரும்பலாம். வெள்ளைக்காரர் அதற்கென்றே போகிறார்களாம். பாஸ்போட் வேண்டும், பிறப்புப் பத்திரம் வேண்டும், இதுவரை கலியாணமாகவில்லை என்று ஒரு சத்தியக் கடதாசியும் வேண்டும். நாளைக்குக் கொழும்பில் வெளிநாட்டமைச்சின் முத்திரை. அதற்கு முன்னால் இன்று கையெழுத்து.

பத்திரம் சேர்த்தது, கடிதம் எழுதியது எல்லாம் சதீசன். வீட்டில் கம்பஸ் படித்தவன் அவன் ஒருவன்தான். செய்யச் சொன்னார்கள், செய்தான்.

“கலியாணத்துக்குக் கடற்கரையாம்” என்றாள் புஸ்பம். அவனுடைய மாமி, டிலோஜினியின் தாய். இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “ஏன், இஞ்ச கல்லடியில கடல் வத்திப் போச்சாமா?”

கனகசிங்கம் மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “அங்க பிள்ளையார் கோயிலும் இரிக்கு. தேரெல்லாம் இழுக்கிறாங்க.”

“ஆர் சொன்ன?”

“யூடியூப்ல பாத்தன்.”

“நீங்க யூடியூப்பையே பாத்துக்கிட்டு இரிங்க. அதுலயே மருமகனும் வருவான், பேரப்புள்ளயும் வரும்.”

கம்சாயினி அறையிலிருந்து வந்தாள். தலை ஈரம். கையில் நீல நிறக் கோப்பு. முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகும் அதே சாறியைத்தான் உடுத்திருந்தாள்.

“அம்மா, சண்டை பிடிக்கிறதெண்டா பின்னேரம் பிடிங்க. இப்ப நேரமில்ல.”

“நான் ஆர் உன்னோட சண்டை பிடிக்க? மூத்தவள், உன்ட கொக்கா, இருந்திருந்தா அவ பிடிச்சிருப்பா. நீ என்ன செய்யணும் எண்டு அவ சொல்லிட்டுத்தான் போனவ.”

கனகசிங்கம் பேப்பரை மடித்தார். கம்சாயினி இடியப்பத்தைத் தொடாமல் செருப்பை மாட்டினாள்.

அக்கா சொல்லிவிட்டுப் போன வாக்கு. அதுதான் இந்த வீட்டில் எல்லாக் கதையும் போய் முட்டும் சுவர்.

டிலோஜினியின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், சொந்தக்காரர் எல்லோரும் இலைக்கு முன்னால் இருக்கும்போது, புஸ்பம் எழுந்து நின்று சொன்னாள். “என்ட புள்ள கடைசியாக் கதைச்சது கம்சாவப் பத்தித்தான். தன்ட இடத்தில தங்கச்சி இருந்து இவரைப் பாக்கணும் எண்டுதான் கண்ணை மூடினவ.” சொந்தக்காரர் எல்லோரும் சதீசனைப் பார்த்தார்கள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டு இருந்தால் சம்மதம். ஊரில் அப்படித்தான் கணக்கு. அவனோ இலையில் கிடந்தது என்ன கறி என்று யோசித்துக்கொண்டிருந்தான். கடைசிவரை பிடிபடவில்லை.

அன்றிலிருந்து கதை நிலைத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு. சதீசன் வந்தேறிய வீடு டிலோஜினியின் பெயரில் கட்டியது. அதே வளவில் கிணற்றுக்கு அப்பால், லிண்டல் மட்டத்தோடு நிற்பது கம்சாயினிக்குத் தொடங்கிய வீடு. ஜன்னல் துவாரங்களுக்குள் ஆமணக்கு முளைத்திருந்தது. கம்சாயினி சுவிஸுக்குப் போனால் அது அப்படியே நிற்கும். மகள் இல்லாத வீட்டில் மருமகன் எந்த உரிமையில் இருக்கிறான் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சதீசனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மோட்டரைப் போட்டான், முற்றத்தைக் கூட்டினான்.

வாசலில் இறங்கும்போது புஸ்பம் அவன் பின்னால் வந்தாள். குரல் தணிந்திருந்தது.

“மகன், நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்க. நீங்க வேணாம் எண்டா அவள் போகமாட்டாள்.”

“நேரமாகுது மாமி” என்றான்.

*

முன்னால் அவனுடைய மோட்டார் சைக்கிள். பின்னால் அவளுடைய ஸ்கூட்டி. டிலோஜினி இருந்த காலத்தில் மூன்று பேரும் ஒரே வண்டியில் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். இப்போது ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி. ஊர் வாய் அப்படி.

காத்தான்குடியில் முத்தலிப் சேரின் வீடு பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கையில். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். சமாதான நீதவான், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று கேற்றிலேயே பலகை இருந்தது.

“வாங்க, வாங்க. சீசெல்ஸ்காரங்கதானே?” என்றார். “முன்னம் ஒரு புள்ள ஜோர்ஜியாவுக்கு எழுதிட்டுப் போனா. முந்தியெண்டா மாப்புள ஊருக்கு வருவான், இல்லாட்டிப் பொண்ணு மாப்புளட ஊருக்குப் போவா. இப்ப ரெண்டு பேரும் மூணாவது ஊரில போய்ச் சந்திக்கிற. இதுல நீங்கதான் மாப்புளயா?”

“இல்ல சேர். இவட அக்காட…” சதீசன் நிறுத்தினான்.

“அத்தான்” என்றாள் கம்சாயினி.

“ஆ. அக்கா வரல்லியா?”

கம்சாயினி கோப்பைத் திறந்து கடதாசியை எடுத்து வைத்தாள். முத்தலிப் சேர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

முத்திரையை ஒட்டினார். கடதாசியை நேராக வைத்தார். “இங்கிலீசில கிடக்கு. ஆனா தமிழில வாசிச்சு விளங்கப்படுத்தாம நான் சைன் எடுக்கிறல்ல. கோவிக்கவேணாம், அது என்ட பழக்கம்.” வாசித்தார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் இதுவரை எவரையும் சட்டப்படியோ வழக்கப்படியோ விவாகம் செய்யவில்லை எனவும், மேற்படி நிரோஜன் என்பவரை விவாகம் செய்துகொள்வதில் எனக்குத் தடை ஏதும் இல்லை எனவும், இத்தால் உண்மையாக உறுதி கூறுகிறேன்.”

பேனையை நீட்டினார்.

கம்சாயினி வாங்கினாள். முனையைக் கடதாசியில் வைத்தாள். எடுத்தாள்.

“சேர், தடை எண்டா என்ன தடை?”

“சட்டத் தடைதான் மகள். முதல் கலியாணம் முறியாம இரிக்கிறது, வயசு காணாம இரிக்கிறது, நெருங்கின சொந்தம். அப்பிடி ஏதும் இரிக்கா?”

“இல்ல.”

“மறுகா என்ன? போடுங்க.”

“வாக்கு ஏதும் இருந்தா?”

“ஆர் குடுத்த வாக்கு? நீங்க குடுத்ததா?”

“நான் குடுக்கல்ல. எனக்காக வேற ஆள் குடுத்தது. அந்த ஆள் இப்ப இல்ல.”

முத்தலிப் சேர் கண்ணாடியைக் கழற்றினார். சங்கடப்பட்டார் என்பது தெரிந்தது. கலியாணக் கடதாசிக்கு வந்தவர்கள் சாவு வீட்டுக் கதை கதைப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“அப்பிடி ஒண்டும் சட்டத்தில இல்ல. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல” என்றார். “ஆனா புள்ள, பேனை இப்பிடி நடுங்கக்குள்ள நான் எனக்கு முன்னால உறுதி கூறினவ எண்டு எழுத ஒண்ணா. முத்திரையும் ஒட்டியாச்சு, சீ.” முத்திரையை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். அது வரவில்லை. “போய் யோசிச்சிட்டு வாங்க. பின்னேரம் அஸர் தொழுதுட்டு வந்தா வீட்டதான் இரிப்பன். பொழுதுபட மஃரிபோட மகள்ட வீட்டுக்குப் போயிருவன், அவட மகன் இண்டைக்கு டுபாயில இரிந்து வாறான்.”

கம்சாயினி பேனையை மூடி மேசையில் வைத்தாள். கும்பிட்டாள்.

சதீசன் கடதாசியைக் கோப்புக்குள் வைத்தான். அவன் கை நடுங்கவில்லை. பத்து மாதமாக அவனுக்கு எதுவும் நடுங்கவில்லை.

*

வாவிக்கரை வீதியில் ஸ்கூட்டி பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். கம்சாயினி ஒரு பூவரச மரத்தடியில் நிறுத்தி, தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

“பேனை எழுதல்ல எண்டு சொல்லுறன்தானே… இல்ல, அழல்ல… நீ வேலையப் பாரு.” பிறகு தொலைபேசியைச் சதீசனிடம் நீட்டினாள். “உங்களோட கதைக்கணுமாம்.”

சுவிஸில் அப்போதுதான் விடிந்திருக்கும். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. நிரோஜன் ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் வேலை.

“அண்ண, அவ என்னத்துக்குச் சைன் வைக்கல்ல?”

“பின்னேரம் வைக்கலாம்.”

“அண்ண, நான் லீவு எடுத்திட்டன். டிக்கட்டும் போட்டாச்சு. அந்த ஊர்க் கந்தோரில திகதியும் தந்திட்டாங்க. அதெல்லாம் போனாப் போகட்டும். நேரா ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. நீங்க கம்சாவக் கட்டப்போறீங்களா?”

வாவியில் ஒருவன் தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். வலை பாதிதான் மேலே வந்திருந்தது.

“இல்ல” என்றான் சதீசன். அந்தச் சொல் வரத் தாமதமானது. தாமதமானதை நிரோஜனும் கேட்டிருப்பான்.

“சரி அண்ண” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கம்சாயினி தொலைபேசியை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

“எனக்கு அவனக் கட்டணும் அத்தான். ஆறு வருசமா வேற நினைப்பு இல்ல. ஆனா அக்கா சாகக்குள்ள என்னக் கேட்டிரிக்கா. நான் இல்ல எண்டு சொல்லிட்டு, அந்நிய ஊரில போய்த் தடை இல்ல எண்டு கையெழுத்து வைச்சா, மறுகா நான் எப்பிடி நித்திர கொள்ளுற?”

அவன் வாவிப் பக்கம் திரும்பினான்.

புஸ்பம் சொன்ன கதையில் முதல் பாதி பொய்யில்லை. அதைக் கொடுத்தவன் அவன்தான். ஆஸ்பத்திரி நடையில் புஸ்பம் அவன் சேட்டைப் பிடித்து உலுக்கி, “கடைசியா என்ன மகன் சொன்னவ, என்ட புள்ள என்ன சொன்னவ” என்று கத்தியபோது, “கம்சாவப் பத்தி” என்று மட்டும் சொன்னான். மேலே வாய் வரவில்லை. மிச்சத்தை மாமி கட்டிக்கொண்டாள். சாகிற அக்கா தங்கையைப் பற்றிப் பேசினால் வேறு எதைப் பேசியிருப்பாள்? இந்தக் கரையில் யார் வீட்டுத் தாயும் அதைத்தான் கட்டியிருப்பாள்.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. டிலோஜினியின் படங்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் இருந்தன. நகை மாமியிடம். உடுப்பைக் கம்சாயினி கழுவி மடித்து வைத்தாள். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் வேறு யாரிடமும் இல்லை. சொல்லிவிட்டால் அதுவும் வீட்டுச் சாமானாகிவிடும்.

“போவம்” என்றான்.

*

புஸ்பம் பின் வாசலில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வண்டிச் சத்தமும் கேட்டதும் நிமிர்ந்தாள்.

“வைச்சாச்சா?”

“இல்ல” என்றாள் கம்சாயினி.

புஸ்பத்தின் கை நின்றது. முகம் ஒருமுறை மலர்ந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. “மாமாங்கத்தானே” என்று இறால் கையோடு கும்பிட்டாள். “எனக்குத் தெரியும். என்ட மூத்தவள் விடமாட்டாள். வாங்க மகன், இரிங்க, தேத்தண்ணி போடுறன்.”

“அம்மா, இரிங்க. நான் ஒண்டு கேக்கணும்.”

“மறுகா கேளு.”

“இப்ப கேக்கணும். அக்கா சொன்னத நீங்க உங்கட காதால கேட்டீங்களா?”

புஸ்பம் மகளைப் பார்த்தாள். “நான் எங்க கேட்ட? அண்டு பின்னேரம் எனக்குப் பிரஷர் எண்டு வீட்ட நிண்டன். விடியப் போகக்குள்ள புள்ளைக்கு நினைவில்ல. இவர்தான் கூட இருந்தவர். இவர்தான் சொன்னவர்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“உன்னப் பத்திக் கதைச்சவ எண்டு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு காணாதா? ஒரு தாய்க்கு விளங்காதா?” புஸ்பத்தின் குரல் உடைந்தது. “ஒருத்திய மண்ணுக்குக் குடுத்திட்டன். மத்தவளக் கடலுக்கு அங்கால குடுக்கச் சொல்லுறியா? இந்த வளவில பொம்புளப் புள்ள இல்லாம நான் ஆருக்கு உலை வைக்கிற? இந்த மனிசன் பேப்பரப் படிச்சிக்கிட்டு இருப்பார். மருமகன் தன்ட தாய் வீட்டுக்குப் போயிருவார். ஏன் போகமாட்டார்? இஞ்ச என்ன கிடக்கு அவருக்கு?”

கனகசிங்கம் கதவு நிலையில் வந்து நின்றார். “புஸ்பம்” என்றார்.

கம்சாயினி தாயின் பக்கத்தில் குந்தினாள். இறால் கோதுகளைக் கையால் ஒதுக்கினாள். பிறகு நிமிர்ந்து சதீசனைப் பார்த்தாள்.

“அத்தான், நீங்க ஒண்டும் கதைக்கிறல்ல. எனக்கு விளங்குது. ஆனா இண்டைக்குக் கதைக்கத்தான் வேணும். அக்கா அப்பிடிக் கேட்டிருந்தா நான் நிரோஜனுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லிருவன். உங்களக் கட்டிக்கிட்டு இந்த வீட்டிலயே இரிப்பன். பொய்க்குச் சொல்லல்ல. கேக்கல்ல எண்டா, அஸருக்குப் பிறகு அந்த சேருட்டப் போவன். எனக்கு உங்கட கதை வேணாம், அம்மாட கதையும் வேணாம். அக்கா வாயால என்ன வந்ததோ அத மட்டும் சொல்லுங்க.”

“சொல்லுங்க மகன்” என்றாள் புஸ்பம். “பயப்பட வேணாம். சொல்லுங்க.”

ஓம் என்று ஒரு சொல் போதும். வீடு இருக்கும். மாமியின் முகத்தில் இப்போது இருக்கும் வெளிச்சம் இருக்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் ஒரு ஆள் இருக்கும். நிரோஜன் லீவை ரத்துச் செய்வான். காலப்போக்கில் அந்தப் பொய்யும் பழகிவிடும். சீனி இல்லாத தேத்தண்ணீர் பழகியதுபோல.

மூன்று பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை குனிந்து பார்க்க இலை இல்லை.

“பாக்க வாற நேரம் முடிஞ்சு மணி அடிச்சிட்டாங்க” என்றான். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. “சேலைன் ஏறிக்கிட்டு இருந்தது. காய்ச்சல் விட்டிட்டு எண்டு சந்தோசமாத்தான் இருந்தவ. நாளைக்கு வீட்ட விட்டிருவாங்க எண்டு நினைச்சம். நான் வாசல் மட்டும் போயிட்டன். கைதட்டிக் கூப்பிட்டா. நேர்ஸ் ஏசினா. நான் திரும்பிப் போனன்.”

கம்சாயினி எழுந்தாள்.

“என்ன சொன்னவ?”

சதீசன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் சொன்ன மாதிரியே, அவளுடைய அவசரத்தோடு, சொன்னான்.

“இஞ்சேருங்க, கம்சாட புதுச் செருப்பப் போட்டுக்கிட்டு வந்திட்டன். தேடிக் கத்தப் போறாள். கட்டிலுக்குக் கீழ கிடக்கு, மறக்காமக் கொண்டுபோய்க் குடுங்க.”